நூற்பா ஒன்று, உரைகள் பல
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'இலக்கியம் காட்டும் அரசு' என்னும் பொருளில் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். முடியுடை மூவேந்தரைப் பற்றியும் குறுநில மன்னரைப் பற்றியும் இம்மேடையில் என்னினும் வல்லார் பலர் பேசிச் சென்றுள்ளனர். அவர்கள் பேசியதையே நானும் பேசின் கூறியது கூறலாய் முடியும். ஆகவே, விழாக்குழுவினரின் இசைவு பெற்று, பொருளைச் சற்றே மாற்றிக்கொண்டேன். நாம் படிக்கும் அரசை விடுத்து, நாம் வாழும் அரசைப் பற்றி, அதன் உச்சியில் அமர்ந்திருக்கும் குடியரசுத் தலைவரைப் பற்றிப் பேச விழைகிறேன். கவிதை கேட்க வந்தவர்களுக்குச் சட்டம் சொல்லப் போகிறாளே என்று யாரும் அஞ்சற்க. யான் சட்டம் பயின்றவள் அல்லேன். நூற்பாவும் உரையும் பயின்றவள். அந்தக் கண்கொண்டே இதனைப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இப்பதவியை நாம் குடியரசுத் தலைவர் என்கிறோம். ஜனாதிபதி என்றும் வழங்குகிறோம். இரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுவர். சொல்லின் உள்ளே புகுந்து பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. ஜனாதிபதி என்றால் மக்களுக்கு அதிபதி; ஆள்பவர் என்ற பொருள் அதில் ஓங்கி நிற்கிறது. குடியரசுத் தலைவர் என்னும்போது அரசு குடிகளுடையதாகிறது; அவர் அதன் தலையாய் நிற்கிறார், அவ்வளவே. குடியரசு என்னும் சொல்லோ நாடு குடியரசாவதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1925ஆம் ஆண்டில், ஈரோட்டிலிருந்து வெளிவந்த தந்தை பெரியாரின் வார இதழுக்குப் பெயராய் அமைந்துவிட்டது. சிங்கப்பூரில் இப்பதவிக்கு அதிபர் என்பது வழக்கு. அதே அதிபர் என்னும் சொல் இலங்கையில் பள்ளித் தலைமையாசிரியரைக் குறிக்கும். அங்கிருந்து வரும் கடிதத்தில் 'அதிபரைச் சந்தித்தேன்' என்றிருந்தால் நாம் திடுக்கிட வேண்டியதில்லை.

இலங்கையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1972இல் அந்நாடு குடியரசானபோது வில்லியம் கோபல்லவா ஜனாதிபதியானார். அவர் அணி செய்யும் தலைவர். ஆட்சி பிரதமர் கையில் இருந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ஜே. ஆர். ஜெயவர்த்தனா அதே பெயருடைய பதவிக்கு ஆட்சியதிகாரம் முழுவதையும் கொண்டுவந்து சேர்த்தார். சொல் மாறவில்லை, பொருள் தலைகீழாயிற்று. ஆகவே பதவியின் பெயரைக் கொண்டு அதன் வலிமையை அளவிட இயலாது. எந்த நூற்பாவின்மீது அது நிற்கிறது, அந்நூற்பாவுக்கு யார் என்ன உரை கண்டார் என்பதையே பார்த்தல் வேண்டும்.

இனி, நம் நாட்டு நூற்பா. அரசமைப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு ஒன்றிய ஆட்சியதிகாரம் முழுவதையும் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கிறது. அதனை மட்டும் படித்துவிட்டு நூலை மூடுபவர், இவர் சோழப் பேரரசரினும் பெரியவர் என்றே முடிவு செய்வார். படைகளுக்குத் தலைவர் அவர். பிரதமரை அமர்த்துபவர் அவர். மக்களவையைக் கலைப்பவர் அவர். தூக்குமேடை ஏறவிருப்பவனைக் காப்பாற்றவும் அவரால் இயலும். ஆனால் 74ஆம் பிரிவு, குடியரசுத் தலைவருக்கு உதவவும் அறிவுரை கூறவும் பிரதமரைத் தலைமையாகக் கொண்ட அமைச்சரவை ஒன்று இருத்தல் வேண்டும் என்கிறது. அறிவுரை கூறுவர் என்றது. அதன்படிதான் அவர் நடத்தல் வேண்டும் என்று 1950இல் அது கூறவில்லை. அறிவுரை என்பது கேட்பவர் கொள்ளவும் தள்ளவும் உரியதன்றோ? தொல்காப்பியம் கற்பிக்கும் எங்களுக்கு இவ்வகைச் சிக்கல் புதிதன்று. நூற்பா சுருங்கச் சொல்லும். எஞ்சியதை மரபு நிரப்பும். மரபு எதுவென்பதில் உரையாசிரியர் ஒருவரோடொருவர் மாறுபடுவர்.

சட்டத்தை யாத்தவர்கள் எண்ணியது என்ன என்பதில் ஐயமில்லை. 1948 நவம்பர் 4ஆம் நாள் வரைவுச் சட்டத்தை அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், இங்கிலாந்து அரசர்க்கு அந்நாட்டு அமைப்பில் உள்ள இடமே இங்குக் குடியரசுத் தலைவருக்கு உரியது என்றும், அவர் நாட்டுக்குத் தலைவரே அன்றி ஆட்சிக்குத் தலைவரல்லர் என்றும் தெளிவுபடுத்தினார். ஆயினும் நூலாசிரியன் கருத்து நூலுக்கு வெளியே இருந்தால், படிப்பவன் வேறு கருத்துக் கொள்வதைத் தடுக்க இயலாது.

அவ்வாறு வேறு கருத்துக் கொண்டவர் வேறு யாருமல்லர்; அச்சபைக்கே தலைவராய் வீற்றிருந்து, பின் முதல் குடியரசுத் தலைவருமான இராசேந்திர பிரசாத் அவர்களே. 1951இல் இந்து சட்டத் தொகுப்பு நாடாளுமன்றத்தில் இருந்தபோது, அதன்மீது தாம் சொந்தமாக முடிவெடுக்க விரும்புவதாக அவர் பிரதமர் நேருவுக்கு எழுதினார். நேரு அட்டர்னி ஜெனரல் செதல்வாடிடம் கருத்துக் கேட்டார். குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவர் என்பதே கிடைத்த விடை. பிரசாத் அதற்குமேல் பிணக்கை வளர்க்கவில்லை. அத்தொகுப்பு பின்னர்ப் பல சட்டங்களாகப் பிரிந்து, திருமணச் சட்டம் 1955இலும் வாரிசுரிமைச் சட்டம் 1956இலும் நிறைவேறின. அவற்றில் அவரே கையொப்பமிட்டார்.

இங்குச் சற்றே நின்று எண்ணிப் பார்க்கிறேன். பிரசாத் சான்றாண்மை மிக்கவர். தம் மனச்சான்றுக்கு மாறாகக் கையொப்பமிட நேர்ந்தது அவருக்கு வருத்தம் தந்திருக்கும். ஆனால் அவர் கண்ட உரையே நாட்டின் உரையாகியிருந்தால், மகளுக்குத் தந்தையின் சொத்தில் பங்கு உண்டா, மணவிலக்குப் பெறும் உரிமை பெண்ணுக்கு உண்டா என்னும் வினாக்களெல்லாம் ஒரே ஒரு மனிதரின் மனச்சான்றில் தொங்கியிருக்கும். அந்த மனிதரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கவும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர்; அந்த வாக்குக்கும் கணக்கு உண்டு. 2022 தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு 176 மதிப்பு, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. நாடாளுமன்ற உறுப்பினர்க்கு 700. இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் சட்டத்தைத் தடுக்கும் ஆற்றலைத் தருவது குடியரசுக்குப் பொருந்தாது. அமைச்சரவை சொல்கிறபடி அவர் கையொப்பமிடுவதே முறை என்று, ஒரு பெண்ணாகவும் ஒரு குடிமகளாகவும், அந்த நிகழ்ச்சியைப் படிக்கும்தோறும் முடிவு செய்கிறேன்.

முடிவு செய்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் 1975 வருகிறது.

அவ்வாண்டு சூன் 25ஆம் நாள் இரவு. பிரதமர் இந்திரா காந்தியின் கடிதம் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவிடம் வந்தது. அமைச்சரவையைக் கூட்ட அன்றிரவு நேரமில்லை என்று அக்கடிதமே கூறியது. அரசு அலுவல் விதிகளில் 12ஆம் விதி, இன்றியமையாப் பொழுதில் பிரதமர் அமைச்சரவையைக் கூட்டாமலே முடிவெடுக்க இடம் தருகிறது. அதனைக் காட்டியே கையொப்பம் கேட்கப்பட்டது. நள்ளிரவுக்கு முன் கையொப்பம் விழுந்தது. அமைச்சர்களோ மறுநாள் விடியற்காலை கூடியபோதுதான் நாட்டில் நெருக்கடி நிலை வந்துவிட்டதை அறிந்தனர். 74ஆம் பிரிவு சொல்லும் அறிவுரை அமைச்சரவையின் அறிவுரை. ஒருவரின் அறிவுரை அன்று. 'அமைச்சரவை எங்கே?' என்று அன்றிரவு ஒரு வினா எழுப்பியிருந்தால் அது அதிகார மீறல் ஆகியிராது. நூற்பாவைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியதாகவே ஆகியிருக்கும். அந்த வினா எழவில்லை.

அவ்வாண்டு திசம்பர் 10ஆம் நாள் இந்தியன் எக்ஸ்பிரஸ் ஏட்டில் அபு ஆபிரகாம் வரைந்த கருத்துப்படம் ஒன்று வெளிவந்தது. குளியல் தொட்டியில் கிடக்கும் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட தாளைக் கதவிடுக்கில் நீட்டி, இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் சற்றுப் பொறுக்கச் சொல்லுமாறு கூறுவது போன்ற படம். தணிக்கை கடுமையாக இருந்த காலத்தில் அது எவ்வாறு அச்சேறியதோ! நூறு கட்டுரை சொல்லாததைச் சில கோடுகள் சொல்லிவிட்டன. குறிப்பால் உணர்த்தும் கலை கவிஞர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு வகுப்பில் நான் காட்டும் சான்று இது.

ஆக, பிரசாத் கையொப்பமிட்டது சரி. பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டது பிழை. இரண்டும் அறிவுரைப்படி இட்ட கையொப்பங்களே! இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கும் உரை ஒன்று உண்டா என்பதுதான் என் வினா.

1976இல் 42ஆம் திருத்தம், குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடத்தல் வேண்டும் என்று எழுதிவிட்டது. ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தது போலவே வினாவுக்கும் இடமில்லாமல் செய்தது. 1978இல் 44ஆம் திருத்தம் இரண்டு காரியங்களைச் செய்தது. நெருக்கடி நிலையை அறிவிக்க அமைச்சரவையின் முடிவு எழுத்து வடிவில் வந்தாக வேண்டும் என்று விதித்தது. 1975 இரவின் வடு அது. மற்றொன்று, வந்த அறிவுரையை மீண்டும் எண்ணிப் பார்க்குமாறு அமைச்சரவைக்கு ஒருமுறை திருப்பியனுப்பலாம் என்றது. மீண்டும் அதே அறிவுரை வந்தால் ஏற்றாக வேண்டும். ஒருமுறை மட்டும்! இந்த ஒருமுறையில்தான் பதவியின் உயிர் இருக்கிறது என்பது என் துணிபு.

திருக்குறளில் அமைச்சு என்றோர் அதிகாரம். பெரியாரைத் துணைக்கோடல் என்று மற்றோர் அதிகாரம். அரசன் முடிவெடுப்பான், தவறும்போது அமைச்சரும் சான்றோரும் இடித்துரைப்பர். நம் அரசமைப்பு இவ்வுறவை அப்படியே தலைகீழாக்கிவிட்டது. இங்கு முடிவெடுப்பவர் அமைச்சர். இடித்துரைக்கும் கடமை அரியணையில் இருப்பவருக்கு. இங்கிலாந்து அரசியாரின் உரிமைகளை 1867இல் தொகுத்துரைத்த வால்டர் பேஜட், கலந்துகொள்ளப்படும் உரிமை, ஊக்கும் உரிமை, எச்சரிக்கும் உரிமை என மூன்றைக் கூறினார். மூன்றும் வாயால் செய்யும் தொழில்களே; கையால் செய்வது ஒன்றுமில்லை. 78ஆம் பிரிவு, ஆட்சி பற்றிக் குடியரசுத் தலைவர் கேட்கும் செய்திகளைத் தருவது பிரதமரின் கடமை என்கிறது. கேட்கத் தெரிந்தவர்க்கு அது சிறிய கருவியன்று.

அந்த ஒருமுறையை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு நல்லுரை கண்டவர் கே. ஆர். நாராயணன். கேரளத்து உழவூரில் எளிய குடிசையில் பிறந்து, அப்பதவிக்கு வந்த முதல் தலித் அவர். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசு சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்குப் பெற்றிருந்தது; அவையில் அடிதடி நிகழ்ந்தது உண்மை. குஜ்ரால் அமைச்சரவை அவ்வரசைக் கலைக்கப் பரிந்துரைத்தது. நாராயணன் மறுக்கவில்லை, மீண்டும் எண்ணிப் பாருங்கள் என்று காரணங்களோடு திருப்பியனுப்பினார். அமைச்சரவை எண்ணிப் பார்த்துக் கைவிட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் ஆட்சி மாறியிருந்தது; வாஜ்பாய் அமைச்சரவை பீகாரில் இராப்ரி தேவி அரசைக் கலைக்கப் பரிந்துரைத்தது. அதையும் திருப்பியனுப்பினார். முதற்பரிந்துரை ஒரு கட்சியின் ஆட்சிக்கு எதிரானது, இரண்டாவது அக்கட்சியின் ஆட்சியிலிருந்தே வந்தது என்பதைக் கருதுக. நடுவுநிலைமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. 1999 பிப்ரவரியில் பீகாரில் தலித் மக்கள் கொல்லப்பட்ட கொடுமைகளை அடுத்து அதே பரிந்துரை மீண்டும் வந்தது. இம்முறை நாராயணன் கையொப்பமிட்டார். மாநிலங்களவையில் பெரும்பான்மை கிட்டாது என்று கண்ட அரசு மார்ச்சில் அதனைத் திரும்பப் பெற்றது. நாராயணன் செய்தது இவ்வளவே: அரசு தன் முடிவை வெளிச்சத்தில் வைத்து இரண்டாம் முறை பார்க்கும்படி செய்தார். தடுக்கவில்லை, எண்ணச் செய்தார். பிரசாத்தின் கையொப்பத்தையும் 1975இன் கையொப்பத்தையும் பிரித்துக் காட்டும் உரை இங்கே கிடைக்கிறது. கையொப்பம் கடமை, கையொப்பத்துக்கு முன் வினா எழுப்புவதும் கடமை.

தமிழ் மண்ணிலிருந்து சென்றோர் உரையையும் பார்ப்போம். இராசாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன், இப்பதவியை நெருக்கடி விளக்குக்கு ஒப்பிட்டார். மின்சாரம் இருக்கும்வரை அது எரியாது. மின்சாரம் நின்றால் தானே எரியும். வந்ததும் தானே அணையும். நல்ல உவமை. தொங்கு நாடாளுமன்றம் அமையும்போது யாரைப் பிரதமராக அழைப்பது என்பதில் குடியரசுத் தலைவருக்கு அறிவுரை கூற அமைச்சரவை இல்லை. அங்கு விளக்கு எரிந்தே ஆக வேண்டும். 1979இல் சஞ்சீவ ரெட்டி சரண் சிங்கை அழைத்ததும், நாடாளுமன்றத்தையே சந்தியாத அவரது பரிந்துரையை ஏற்று மக்களவையைக் கலைத்ததும் அப்படிப்பட்ட பொழுதுகளே. 1996இல் சங்கர் தயாள் சர்மா தனிப்பெரும் கட்சியை அழைத்தார். ஆட்சி 13 நாள் நின்றது. 1998இல் நாராயணன் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டு வாங்கிய பின்னரே வாஜ்பாயை அழைத்தார். அக்கடிதங்களுள் ஒன்றுக்காகப் புதுதில்லி சென்னையை நோக்கிக் காத்திருந்தது நம் நினைவில் நிற்கும். மறு ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் ஒரே வாக்கில் அவ்வாட்சி வீழ்ந்தது.

ஆனால் அதே வெங்கட்ராமன் 1991 சனவரி 30ஆம் நாள் தமிழ்நாட்டு அரசைக் கலைக்கும் ஆணையில் கையொப்பமிட்டார். ஆளுநர் பர்னாலா அதற்கான அறிக்கையைத் தர இசையவில்லை. 356ஆம் பிரிவில் 'ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ பிறவாறோ' என்றிருக்கிறது. அந்தப் 'பிறவாறோ' என்னும் ஒற்றைச் சொல்லின்மீது ஓர் அரசு கலைக்கப்பட்டது. ஓர் இடைச்சொல்லுக்கு எவ்வளவு ஆற்றல் உண்டென்று மாணவர்க்கு விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. விளக்கு அன்று எரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வேறு கருத்துடையோர் இவ்வவையிலேயே இருப்பர். மூன்றாண்டு கழித்து, 1994 மார்ச் 11ஆம் நாள் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய ஆணைகள் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை என்று தீர்ப்பளித்து அச்சொல்லின் வேகத்தைக் குறைத்தது.

அப்துல் கலாம் அவர்களின் பதவிக்காலத்தில் இவ்வுரையின் இரு பக்கங்களும் உள்ளன. 2006 மே மாதம், ஆதாயம் தரும் பதவி பற்றிய சட்டமுன்வடிவை அவர் நாடாளுமன்றத்துக்குத் திருப்பியனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றியது, ஆகஸ்டில் கையொப்பமிட்டார். முறை வழுவாத செயல். அதற்கு முந்தைய ஆண்டு, 2005 மே மாதத்தில், அவர் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை நள்ளிரவில் அவரைத் தேடிச் சென்றது. அங்கிருந்தே கையொப்பமிட்டார். அக்கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் அக்டோபரில் அறிவித்தது. பதவி விலகல் கடிதத்தைத் தாம் எழுதி வைத்திருந்ததையும், பிரதமர் மன்மோகன் சிங் வேண்டிக்கொண்டதால் விலகாதிருந்ததையும் கலாம் பின்னாளில் தம் நூலில் எழுதினார். இராமேசுவரத்து மகனுக்கும் நள்ளிரவுக் கோப்பு ஒன்று வந்துசேர்ந்ததே என்று நாம் வருந்தலாம். கோப்புகளுக்கு நள்ளிரவின்மீது ஏன் இத்தனை காதலோ! 2019 நவம்பர் 23ஆம் நாள் மகாராட்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்டது விடியற்காலை 5.47 மணிக்கு, அமைச்சரவை கூடவில்லை, காட்டப்பட்டது அதே 12ஆம் விதி.

இதுவரை பேசியது கையொப்பத்தைப் பற்றி. கையொப்பமே இடாமலிருப்பது பற்றியும் பேச வேண்டும். நூற்பா சொல்லாமல் விட்ட இடத்தில் பிறந்த ஆற்றல் அது.

111ஆம் பிரிவு நாடாளுமன்றச் சட்டமுன்வடிவுக்கு ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், ஒருமுறை திருப்பியனுப்பலாம் என்கிறது. எத்தனை நாளுக்குள் ஒப்புதல் தருவது என்று கூறவில்லை. 1986இல் நிறைவேறிய அஞ்சல் சட்டத் திருத்தம், மக்களின் கடிதங்களை அரசு இடைமறித்துப் பிரித்துப் பார்க்க விரிவான உரிமை தந்தது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதலும் தரவில்லை, மறுக்கவுமில்லை, திருப்பியனுப்பவுமில்லை. மேசையில் வைத்துக்கொண்டார். அது சட்டமாகவேயில்லை, பின்னர் அரசே கைவிட்டது. ஜெயில் சிங்குக்கும் இராஜீவ் காந்திக்கும் இடையே மனக்கசப்பு இருந்தது ஊரறிந்தது; மேசையில் வைத்ததற்குக் கடிதங்களின்மீது கொண்ட பரிவு மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. எனினும் பயன் நமக்குக் கிடைத்தது. கடிதம் எழுதும் பழக்கமுடைய கவிஞர் பெருமக்கள் அவருக்கு நன்றியுடையர்.

மௌனம் நன்மை செய்த கதை அது. அதே மௌனம் வேறு முகமும் காட்டும். இராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மூவர் 72ஆம் பிரிவின்கீழ் அளித்த கருணை மனுக்கள் 2000ஆம் ஆண்டில் சென்றன, 2011இல் தள்ளப்பட்டன. பதினோராண்டு! கருணை மனுவிலும் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே முடிவெடுக்கிறார் என்பதால், இந்த மௌனம் யாருடையது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. அரசைக் கேட்டால் மாளிகையைக் காட்டும். மாளிகை பேசும் வழக்கமில்லை. 2014 பிப்ரவரி 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இந்தக் காலத்தாழ்வையே காரணமாக்கித் தூக்குத் தண்டனையை வாழ்நாள் சிறையாக மாற்றியது. குற்றத்தைப் பற்றி யார் எவ்வாறு கருதினும், நாள்தோறும் சாவை எதிர்நோக்கிப் பதினோராண்டு இருக்கச் செய்தலைத் தண்டனைச் சட்டம் எங்கும் விதிக்கவில்லை.

மாநிலச் சட்டமுன்வடிவுகளின் நிலை இன்னும் நுட்பமானது. நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்தல் கூடாது என்கிறது 111. ஆளுநர் வழியே தமக்கு வரும் மாநிலச் சட்டமுன்வடிவுகளைப் பற்றிப் பேசும் 201ஆம் பிரிவிலோ அந்தச் சொற்கள் இல்லை. சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினாலும் அவர் ஒப்புதல் தந்தாக வேண்டும் என்பதில்லை. திருப்பியனுப்பியதை ஆறு திங்களுக்குள் மறு ஆய்வு செய்யுமாறு சட்டமன்றத்துக்கு நாள் குறித்த அந்தப் பிரிவு, குடியரசுத் தலைவருக்கு நாள் குறிக்கவில்லை. காத்திருப்பவர்க்குக் கெடு, காக்க வைப்பவர்க்குக் கெடு இல்லை. அவர் நடப்பதோ ஒன்றிய அமைச்சரவையின் அறிவுரைப்படி. ஆகவே மாநில மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் முடிவைப் புதுதில்லி ஒரு சொல்லும் சொல்லாமலே நிறுத்தி வைக்க இயலும்.

இச்சிக்கல் 2025இல் தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் சென்றது. ஏப்ரல் 8ஆம் நாள் இரு நீதிபதிகள் அமர்வு, ஆளுநரால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த நம் சட்டமன்றத்தின் பத்துச் சட்டமுன்வடிவுகள் ஒப்புதல் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்றது. குடியரசுத் தலைவரும் மூன்று திங்களில் முடிவெடுக்க வேண்டும் என்று கெடு விதித்தது. அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 143ஆம் பிரிவின்கீழ் 14 வினாக்களை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20ஆம் நாள் ஐவர் அமர்வு விடையளித்தது: நீதிமன்றம் கெடு விதித்தல் இயலாது, ஒப்புதல் கிடைத்ததாகத் தானே கொள்ளுதலும் இயலாது, எனினும் காரணமின்றி வரம்பின்றி நீளும் மௌனத்தை நீதிமன்றம் பார்வையிட்டு, முடிவெடுக்குமாறு சொல்லலாம்.

நூற்பாவில் இல்லாத சொல்லை உரையாசிரியன் சேர்த்தல் கூடாது என்பது உரை நெறி. அந்நெறிப்படி ஐவர் அமர்வின் விடையைக் குறைகூற என் போன்ற ஆசிரியர்க்கு வாயில்லை. ஆனால் நூற்பாவில் சொல் இல்லாத இடத்தைப் பயன்படுத்தி அந்நூலின் நோக்கத்தையே வெல்லுதலும் உரை நெறியன்று. வரம்பின்றி நீளும் மௌனம் என்றால் எத்தனை நாள்? ஓராண்டா, மூவாண்டா? சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லவேண்டியவர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கின்றனர். 1978இல் 'ஒருமுறை' என்பதைச் சேர்த்தவர்கள் போல, 201இல் ஒரு கால அளவைச் சேர்க்க அவர்களால் இயலும். அத்தகைய திருத்தத்துக்கும் நூற்பா ஒரு வழி வைத்திருக்கிறது.

இன்னுமொரு செய்தி, சொல் ஆய்வாளர் என்னும் முறையில் விடுபடாமல் சொல்லியாக வேண்டியது. பதவி ஏற்கும் உறுதிமொழிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அமைச்சர்கள் அரசமைப்பிடம் உண்மையான பற்றுடையராய் இருப்பதாக உறுதி கூறுகின்றனர். குடியரசுத் தலைவரோ, 60ஆம் பிரிவின்படி, அரசமைப்பைப் பேணுவதாகவும் காப்பதாகவும் அதற்கு அரணாய் நிற்பதாகவும் உறுதி கூறுகிறார். ஆளுநரின் உறுதிமொழியிலும் இவ்வினைகள் உண்டு. பற்று வைத்தல் வேறு, காத்தல் வேறு. அறிவுரைப்படி நடத்தல் என்னும் 74ஆம் பிரிவும், காத்தல் என்னும் 60ஆம் பிரிவும் ஒரே நூலில், ஒரே மனிதரின் தலைமேல் இருக்கின்றன. இவ்விரண்டும் ஒருநாள் நேருக்கு நேர் மோதினால் எது மேலோங்கும் என்பதற்கு இதுவரை எவரும் முற்றுப்பெற்ற உரை எழுதவில்லை. நாராயணன் எழுதியது குறிப்புரை. அது விருத்தியுரை ஆகும் நாள் வந்ததில்லை.

அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்துக் கவியரங்கம் காத்திருக்கிறது. வினாவுடையோர் உணவு இடைவேளையில் என்னைக் காணலாம். 1991ஆம் ஆண்டைப் பற்றி என்னோடு மாறுபடுவோரை முதலில் எதிர்பார்க்கிறேன்.